அடைமழையிலும் நனையாத வெடிப்புப் பாதை: எப்படித் தேடுவது?

கடலோரத்தான், மண்டபம்
பாறை ஏற நேரம் கிடைப்பதே ஐப்பசி, கார்த்திகையில்தான். முன்னால் துருத்திய பாறையில் கையைச் செருகி ஏறும் வெடிப்பு வேண்டும். பாறை முகம் காய்ந்திருந்தாலும் வெடிப்புக்குள் ஈரம் நிற்கிறதே, ஏன்? நம்ம கரையிலேயே ஏதும் பாறை உண்டா அண்ணே?

கல்மலை
கரையில் தேடாதீங்க தம்பி. மண்டபம், பாம்பன் பக்கம் மணலும் பவளச் சுண்ணாம்புக் கல்லும்தான். கயிறு போட்டு ஏற உயரமும் இல்லை, கேம் (வெடிப்புக்குள் விரிந்து கயிற்றைப் பிடிக்கும் உலோகக் கருவி) விரிந்தால் தாங்கும் உறுதியும் இல்லை. தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. பவளத்தைத் தொடவே கூடாது. சுமார் 150 கி.மீ. தள்ளி, மதுரைப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளைப் பாருங்க. வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்க.

முதலில் திசை. 10 மீட்டர் பாறை 10 பாகை சாய்ந்தால் உச்சி விளிம்பு சுமார் 1.75 மீட்டர் வெளியே நிற்கும். நேராக விழும் மழைக்கு அது தாராளம். ஆனால் எதிரே அடிக்கும் மழை 10 பாகைக்கு மேல் சாய்ந்தாலே மொத்த முகமும் நனையும். வாடையும் (வடகாற்று) கொண்டலும் (கீழ்க்காற்று) வீசும் மாதங்கள் இவை, அதனால் தென்மேற்கு பார்த்த முகமாகத் தேடுங்க. புயல் நாகைப் பக்கம் கரை கடந்தால் மதுரையில் காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். அன்றைக்கு அந்த முகம்தான் நனையும்.

வெடிப்புவழி
உள்ளே ஈரம் ஏன் என்றால், வெடிப்பேதான் தூம்பு. கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. உச்சியில் விழும் மழை வெடிப்பு வழியாகவே இறங்கும். மேலே மண்ணும் கோரையும் பிடித்த குழி இருந்தால் மழை விட்டும் நாலைந்து நாள் கசியும். ஆகவே அடியில் நின்று முடிவு செய்யாமல், முதலில் மேலே போய்ப் பாருங்க. உச்சிவரை போகாமல் பாதியிலேயே மூடிக்கொள்ளும் வெடிப்புதான் காய்ந்திருக்கும்.

பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்க. கரையாத குளவிக்கூடு, ஒட்டடை, கல்லில் ஒட்டாத தூசி இருந்தால் நல்ல இடம். கருப்புத் தாரை, பாசி, பெரணி இருந்தால் அது தண்ணீர்ப் பாதை.

விளிம்பையும் கவனிங்க. கூரான விளிம்பில் தண்ணீர் சொட்டிவிடும். உருண்டையாக இருந்தால் கல்லோடு ஒட்டி உள்ளே வழியும். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளின் நெற்றியில் காடி வெட்டியிருப்பது இதைத் தடுக்கத்தான். அங்கே பார்த்துக் கற்கலாம், ஏறக் கூடாது; பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

கல்மலை
இன்னொன்று: காய்ந்த துருத்தலைத்தான் மலைத்தேனீயும் தேடும். அடையைப் பார்த்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடுங்க.

கடலோரத்தான்
புரிந்தது. கேம் மடக்கினால் திரும்ப விரிய மறுக்கிறது, உப்புக் காற்றா?

வெடிப்புவழி
ஆமாம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முக்கி, பழைய பல் பிரஷால் அச்சைத் தேய்த்து, விசையை இருபது முப்பது தடவை இழுத்து விடுங்க. முழுக்கக் காய்ந்தபின் கேமுக்கான மெழுகெண்ணெய், கேமின் துணி நாடாவில் படாமல். அலுமினியம் குழி குழியாக அரித்திருந்தால் ஒதுக்கிவிடுங்க. கேம் நிற்பது உராய்வால்தான். பாசி பிடித்த ஈர வெடிப்பில் வழுக்கும். அங்கே வெடிப்பு குறுகும் இடம் பார்த்து நட் (கம்பியில் கோத்த உலோக ஆப்பு) வைங்க.