மிகுபுனைவில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்: எதைப் பொருட்படுத்துவது?

கேள்வி

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களை இப்போது இரண்டாம் முறையாக, பென்சிலும் கையுமாக, நிதானமாகப் படித்து வருகிறேன். முதல் வாசிப்பில் கதையின் வேகத்தில் கண்ணில் படாத சில சொற்கள் மீண்டும் மீண்டும் வருவது இப்போது தெரிகிறது. ஆனால் நிழல், இருள், ஒளி, நெருப்பு, பெயர் என்று அடிக்கோடிடத் தொடங்கினால் பக்கம் முழுவதும் கோடாகிவிடுகிறது. இவற்றுள் எது ஆசிரியர் எண்ணிப் பார்த்து வைத்த சொல், எது அந்த வகைமைக்கே பொதுவான சொல் என்று எப்படிப் பிரித்தறிவது? மின்னூலில் தேடி எண்ணிக்கை எடுத்தும் பார்த்தேன்; பெரிய தெளிவு கிடைக்கவில்லை.

பதில் 1

எண்ணிக்கையை விடுங்கள், அந்தச் சொல் யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நாவலில் வரும் ‘பிரெஷஸ்’ (அருமைப் பொருள்) என்ற சொல்லை, மோதிர ஆசையில் உருக்குலைந்த கோல்லத்தின் சொல்லாகவே நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, வைத்திருப்பவரைத் தன்வயப்படுத்தும் அந்த மாய மோதிரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சினந்து பேசும்போது, அதை நெடுநாள் வைத்திருந்த பில்போவின் வாயிலிருந்தும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. இதற்கு முன்பும் அதை அப்படி அழைத்ததுண்டு, ஆனால் அழைத்தது நீ அல்ல என்று மந்திரவாதி கேண்டால்ஃப் உடனே சுட்டிக்காட்டுகிறார். பின்னர், மோதிரத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடும் எல்ரண்டின் அவையில் படிக்கப்படும், முன்பு அதை வைத்திருந்த அரசன் இசில்டூரின் பழைய குறிப்பிலும் அதே சொல் இருக்கிறது. ஏறத்தாழ 3000 ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவர் ஒரே சொல்லைப் பேசினால், பேசுவது அவர்களா, மோதிரமா என்ற ஐயம் எழத்தானே செய்யும்? நிழல், இருள் போன்றவற்றை எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி புழங்குவதால், அவற்றுக்கு இந்தக் கனம் வருவதில்லை.

பதில் 2

முதல் பதிலை ஏற்கிறேன். ஆனால் நிழலை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’யில் (1968) நிழலும் பெயரும்தான் கதையே. (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் அடுத்த பதிலுக்குத் தாண்டிவிடலாம்.) அங்கே பெயர் என்ற சொல் அழுத்தம் பெறும் இடங்களில் எல்லாம் ஒரு செயல் நடக்கிறது. குரு சிறுவனான நாயகனுக்குக் கெட் என்று மெய்ப்பெயர் சூட்டுகிறார். நண்பன் பிரியும் வேளையில் தன் மெய்ப்பெயரை நம்பி ஒப்படைக்கிறான். டிராகனின் பெயரை அறிந்திருப்பதாலேயே கெட் அதைப் பணியவைக்கிறான். கடைசியில், தன்னைத் துரத்தியதும் பின்பு தான் துரத்தியதுமான நிழலை நேருக்கு நேர் கண்டு, தன் பெயராலேயே அதை அழைக்கிறான். சொல் வெறுமனே வந்து போகிறதா, அல்லது வரும்போதெல்லாம் கதையில் ஏதாவது மாறுகிறதா என்பதே என் அளவுகோல்.

இன்னொன்று: நம் அணியிலக்கணம் பின்வருநிலையணியை மூன்றாகப் பிரிக்கிறது. அதே சொல் வேறு பொருளில் திரும்புவது, அதே பொருள் வேறு சொல்லில் திரும்புவது, சொல்லும் பொருளும் மாறாமல் திரும்புவது. இரண்டாவது வகை மின்னூல் தேடலில் ஒருபோதும் அகப்படாது.

பதில் 3

தேடலில் அகப்படாததற்கு டோல்கீனிலேயே நல்ல சான்று உண்டு. கோல்லத்தைப் பில்போ கொல்லாமல் விட்டது பரிதாபம் என்று பில்போவின் வாரிசான ஃப்ரோடோ சொல்ல, அந்தப் பரிதாபம்தான் பில்போவின் கையைத் தடுத்தது என்று கேண்டால்ஃப் அச்சொல்லையே பிடித்துத் திருப்புகிறார். பின்னர் கோல்லத்தை நேரில் காணும் ஃப்ரோடோவுக்கு அந்த உரையாடல் நினைவுக்கு வருகிறது. அவனும் கொல்லாமல் விடுகிறான். இறுதியில், மலைச்சரிவில் வாளோடு நிற்கும் ஃப்ரோடோவின் தோழன் சாமுக்கும், கோல்லத்தைக் கொல்வதா விடுவதா என்ற அதே நிலை வாய்க்கிறது. அவன் கையும் தயங்குகிறது. ஆனால் தான் உணர்ந்ததைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை என்று கதைசொல்லி எழுதுகிறார். அவனுக்குக் கிடைக்காத அந்தச் சொல்லை, பல நூறு பக்கங்களுக்கு முன்பு படித்த நாம்தான் இட்டு நிரப்புகிறோம். என்னைக் கேட்டால், அந்த நாவலில் ‘பிரெஷஸ்’ஸைவிட நுட்பமான வேலை இது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இனி அடிக்கோட்டுக்குப் பதிலாக, பேசுபவரின் பெயரை ஓரத்தில் குறித்து வைக்கிறேன். எவர் பேச்சிலும் வராமல் கதைசொல்லியின் குரலில் மட்டும் வரும் சொல்லை என்ன செய்வது?

பதில் 1

அந்தப் பத்தியில் கதைசொல்லி எந்தப் பாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்து, அவர் பெயரைக் குறியுங்கள். எந்தக் கண்ணோடும் ஒட்டவில்லை என்றால் கேள்விக்குறி இட்டுவிட்டு மேலே படியுங்கள். அப்படிப்பட்ட இடங்கள் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அதிகம் இருக்காது.