மறு: லொபியிங் = அரசுத் தரகு? ('சார்புரை' என்று ஒரு முன்மொழிவு)

வணக்கம்.

லொபியிங்கிற்கு (lobbying: ஒருவருக்காக அரசிடம் பேசி, சட்டத்தையோ முடிவையோ அவருக்குச் சாதகமாக்க முயல்வது) தமிழில் 'அரசுத் தரகு' என்று வைக்கலாம் என்ற முந்தைய மடலை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கிளிநொச்சியில் காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. எங்கள் பக்கத்தில் காணித் தரகு, மாட்டுத் தரகு, கலியாணத் தரகு எல்லாம் உண்டு. இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்து, முடிந்தால் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர்தான் தரகர். லொபி செய்கிற சட்டத்தரணியோ ஒரு பக்கத்துக்காக மட்டும் பேசுகிறவர். 'பரப்புரை'யும் சரிவராது, அது ஊருக்குச் சொல்வது. 'பரிந்துரை' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

இந்த வேலை வன்னிக்குப் புதிதல்ல. படையினர் வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு, கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் படைமுகாம் வாசலில் இரவுபகலாக இருந்தார்கள். அதேபோல இரணைதீவு மக்கள் 2018 இல் தாங்களே படகேறித் தீவில் போய் இறங்கினார்கள். அந்தப் போராட்டங்களுக்கு எங்களிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் மகஜர் (கோரிக்கை மனு) கையளித்த பிறகு ஒருவர் காணி உறுதி (பத்திரம்), பேமிற் (அனுமதிப் பத்திரம்), கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், அமைச்சின் செயலாளர் முன்னால் இருந்து, சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்தக் காணியை விடலாம் என்று விளக்க வேண்டுமே, அதற்கு என்ன பெயர்? சனம் சொல்வது 'ஆளைப் பிடிச்சு அலுவல் பார்க்கிறது'. நேர்மையாக வாதாடியவரும் கவரில் காசு கொடுத்தவரும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

இலங்கையில் இந்தப் பேச்சு உரிய நேரத்தில் நடந்தாக வேண்டும். அரசியலமைப்பின் உறுப்புரை 80(3) இன்படி, சட்டமூலம் (மசோதா) சட்டமாகிவிட்டால் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதானாலும் (இந்திய நண்பர்களுக்கு: உங்கள் உச்ச நீதிமன்றம்தான் எங்கள் உயர் நீதிமன்றம்) அதற்கு முன்பே போக வேண்டும். வரைவு மேசையில் இருக்கும்போது பேச ஆளில்லாத மாவட்டம் பிறகு சட்டத்தோடு வாழப் பழக வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இது பதிவு செய்து செய்யும் தொழில். 1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி, யாருக்காகப் பேசுகிறோம், எந்த விடயம், எவ்வளவு கட்டணம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அரசுகளுக்காகப் பேசுவோருக்கு 1938 இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. எங்களுக்கு நெருக்கமான உதாரணம்: முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து வருடத்தில், 2014 இல், இலங்கை அரசு அமெரிக்காவில் தன் பெயரைச் சரிசெய்ய ஒருவரை அமர்த்தி 65 இலட்சம் டொலர் அனுப்பியது. பெரும்பகுதியை அவர் தன் சொந்தச் செலவுக்கே எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு முகவர் பதிவில் பொய்த் தகவல் கொடுத்தது உட்பட்ட குற்றங்களுக்காக 2021 இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

ஆக, இந்தத் தொழிலில் முதல் கேள்வியே 'யார் சார்பில்?' என்பதுதான். நீதிமன்றத்தில் 'எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) சார்பில் தோன்றுகிறேன்' என்று நாங்கள் தினமும் சொல்கிறோம். அதனால்தான் சார்புரை என்கிறேன். செய்பவர் சார்புரைஞர். சார்புரைப் பதிவேடு, சார்புரைக் கட்டணம், சார்புரை நிறுவனம் என்று தடங்கலில்லாமல் வளரும். சார்பு என்றால் பக்கச்சார்பு என்ற வாடை அடிக்குமே என்பீர்கள். அடிக்கட்டும், பக்கம் இருப்பதை மறைக்காத சொல்தான் வேண்டும்.

அரசுத் தொடர்பு (government relations) என்பது இதைவிட அகலமானது. வர்த்தமானியை (அரசிதழை) தொடர்ந்து பார்ப்பது, கட்சிக்காரரை, அதாவது நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அவரை, முன்கூட்டியே எச்சரிப்பது எல்லாம் அதற்குள் வரும். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

ஒன்று மட்டும் தீர்மானமாகவில்லை. சம்பளமில்லாமல் பேசப் போகும் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளரும் சார்புரைஞரா? அமெரிக்கச் சட்டம் காசு வாங்குகிறவரைத்தான் கணக்கில் எடுக்கிறது. நான் இருவரையும் சேர்ப்பேன், தேவைப்படும் இடத்தில் 'கட்டணச் சார்புரைஞர்' என்று பிரித்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.