டிரைவ் லிங்க் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை, என்ன செய்வது?

அறிவியல் டீச்சர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்னோட்டவியல் பாடத்துக்கு 14 பக்கக் குறிப்பு தயாரித்து கூகுள் டிரைவில் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பினேன். காலையில் மெயிலைத் திறந்தால் அனுமதி கேட்டு 23 கோரிக்கைகள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கிடைக்கும். நான் அனுமதி கொடுப்பதற்குள் அவர் போனோடு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். "ராத்திரி பத்து மணிவரைக்கும் அமுக்கிப் பாத்தேன் டீச்சர், தொறக்கவே இல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. என் போனில் மட்டும் நன்றாகத் திறக்கிறது!

தமிழாசிரியர்:
கோப்பு உங்களுடையது, அதனால் உங்களுக்குத் திறக்கும் டீச்சர். டிரைவில் எதைப் போட்டாலும் முதலில் 'ரெஸ்ட்ரிக்டட்' (அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்) என்றுதான் இருக்கும். 'ஷேர்' அமுக்கி, அதை 'எனிஒன் வித் த லிங்க்' என்று மாற்றுங்கள். பக்கத்தில் 'வியூவர்' இருக்கட்டும். 'எடிட்டர்' என்று விட்டால் லிங்க் கிடைத்த யாரும் உள்ளே திருத்தலாம். மதிப்பெண் பட்டியலை மட்டும் இப்படித் திறந்துவிடாதீர்கள்.

அனுப்புமுன் அதே லிங்க்கை குரோமில் இன்காக்னிட்டோவில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நீங்கள் லாகின் செய்யாத ஆள், பிள்ளைக்குத் தெரிவதுதான் உங்களுக்கும் தெரியும். அரை நிமிட வேலை. நான் இப்போது இதைச் செய்யாமல் எதையும் அனுப்புவதில்லை.

இன்னொன்று. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை அப்படியே வேர்டு கோப்பாக அனுப்பினேன். பிள்ளைகள் போனில் அந்த எழுத்துரு கிடையாது, திருக்குறள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. தமிழ்ப் பாடத்தில் தமிழே தெரியாமல் போனால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து, போன்களில் தமிழாகவே தெரியும் யூனிகோடில்தான் அடிக்கிறேன், பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புகிறேன். பழைய பாமினி கோப்பும் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே சேர்ந்துவிடும்.

கணக்கு வாத்தியார்:
ஐயா சொன்னதோடு ஒன்று. கரும்பலகையைப் படம் எடுத்து சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அடுக்கில் இருக்கும் சின்ன 2 தெரியாது. 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். டேட்டா குறைவாக இருக்கும் வீடுகளுக்காக யூடியூப் வீடியோவையும் முழுசாக அனுப்புவதில்லை. கம்ப்யூட்டரில் தேவையான இடத்தில் நிறுத்தி, வீடியோமேல் ரைட் கிளிக் செய்தால் அந்த நேரத்திலிருந்து ஓடும் லிங்க்கை நகலெடுக்கலாம். எந்த நிமிடம்வரை பார்க்கணும் என்பதைக் கீழே எழுதிவிடுவேன்.

அறிவியல் டீச்சர்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி சார். மாற்றிவிட்டு இன்காக்னிட்டோவில் பார்த்தேன், திறக்கிறது. ஓம் விதிப் படங்களைத் தனியாக டாக்குமெண்டாகவும் போட்டேன். ராத்திரி 9:20க்கு அந்தப் பிள்ளையிடமிருந்து குரல் செய்தி: "டீச்சர், பக்க இணைப்புல மொத்த மின்தடை ஏன் கொறையுது?"

பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.