கதிரியக்க எஃகில் பாசிட்ரான் ஆயுள்: 80 பிகோ நொடி வருகிறதே, நம்பலாமா?

கேள்வி:
நியூட்ரான் கதிர்வீச்சு பட்ட எஃகில் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) அழியும்வரை எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். நடுவில் பாசிட்ரானை விடும் சோடியம்-22, இரண்டு பக்கமும் எஃகுத் துண்டு, இரண்டு பேரியம் ஃபுளோரைடு டிடெக்டர், சிக்னல் நேராக டிஜிட்டைசருக்கு (அலைவடிவத்தை எண்களாகப் பதியும் கருவிக்கு)ப் போகிறது, நேரக் கணக்கெல்லாம் மென்பொருளில்தான். கதிர்வீச்சு படாத துண்டில் 110 பிகோ நொடிக்குப் (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பக்கத்தில் ஒழுங்காக வருகிறது. பட்ட துண்டில் மட்டும் குறுகிய ஆயுள் 80-க்கு இறங்கிவிடுகிறது, கூடவே நீளமான ஒன்றும் வருகிறது. அந்தத் துண்டில் காமா விடும் கோபால்ட்-60 இருக்கிறது. இந்த 80 உண்மையில் எஃகில் உள்ள குறைபாடுகளால் வருவதா, இல்லை கோபால்ட்டின் வேலையா?

பதில் 1:
இரண்டுமே காரணமாக இருக்கலாம், அதுதான் இதில் உள்ள சிக்கல். பாசிட்ரான்களில் ஒரு பகுதி எஃகில் அணு இல்லாத காலி இடங்களில் மாட்டிக்கொண்டால், மாட்டாதவற்றின் ஆயுள் சுத்தமான இரும்பின் அளவைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஆகவே 80 என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கோபால்ட்-60 ஒவ்வொரு சிதைவிலும் 1173, 1332 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) காமாக்களை ஏறக்குறைய ஒரு பிகோ நொடி இடைவெளியில் அடுத்தடுத்து விடுகிறது. பாசிட்ரானோடு சேர்ந்து சோடியம்-22 விடும் 1274 கேஇவி காமாதான் உங்கள் தொடக்க சிக்னல், பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கேஇவி காமாதான் முடிவு சிக்னல். பேரியம் ஃபுளோரைடின் ஆற்றல் பிரிதிறனுக்கு 1274-ஐயும் 1332-ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. 1173 சிதறி 511-க்கான சாளரத்தில் (அதற்காக ஏற்கும் ஆற்றல் வரம்பில்) விழுந்தால் போதும், ஆயுள் பூஜ்யம் உள்ள ஒரு நிகழ்வு உங்கள் ஸ்பெக்ட்ரத்தில் சேர்ந்துவிடும். மாங்கனீசு-54 இருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை, அது ஒரே ஒரு காமாதான் விடும், தொடர்பில்லாத காமாக்கள் தற்செயலாக ஒன்றாக விழும் பின்னணிதான் கூடும்.

சோடியத்தை எடுத்துவிட்டு டிடெக்டர்களுக்கு நடுவே அதே இடைவெளி, அதே சாளரங்களோடு துண்டுகளை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்தில் கூரான முகடு எழுந்தால் அது முழுக்க கோபால்ட்தான். ஓடிய நேரத்தைச் சரிக்கட்டி அதைக் கழிக்கலாம்.

கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன், முகடு நன்றாகவே இருக்கிறது. கழித்தால் 80 கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் எண்ணிக்கைப் பிழையும் கூடிவிடுகிறது. வேறு வழி?

பதில் 2:
மூன்றாவது டிடெக்டர் வையுங்கள். பாசிட்ரான் அழியும்போது இரண்டு 511 காமாக்கள் எதிரெதிர்த் திசையில் போகும், இரண்டையும் பிடித்து, கூடவே 1274-உம் வந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். கோபால்ட்டிடம் இருப்பது இரண்டே காமா, மூன்றை ஒரே சிதைவில் அதனால் தர முடியாது. ஒன்று மட்டும் மிச்சம்: ஒரு டிடெக்டரில் சிதறிய காமா பக்கத்து டிடெக்டரில் போய் விழலாம், அதற்கு இடையில் ஈயம் வைக்க வேண்டும். நிகழ்வு வீதம் பல மடங்கு குறையும், அதற்குத் தயாராக இருங்கள். பதிலுக்கு ஒரு லாபம் உண்டு. இரண்டு 511-இன் நேரங்களைச் சராசரி எடுத்தால் பிரிதிறன் கூடும், அந்த இரண்டு டிடெக்டரையும் இணைக்கும் கோட்டில் சோடியம்-22 கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பிழை வராது. டிஜிட்டைசரில் இது சில வரி நிரல்தான்.

அப்புறம் ஒவ்வொரு சிக்னலுக்கும் அடிக்கோட்டை (சிக்னல் எழுவதற்கு முன் உள்ள மட்டத்தை) அதற்குச் சற்று முந்தைய டிஜிட்டைசர் பதிவுகளிலிருந்தே எடுங்கள். பேரியம் ஃபுளோரைடின் மெதுவான ஒளி 600 நானோ நொடிக்கு மேல் இழுக்கும், கதிரியக்கத் துண்டு பக்கத்திலேயே இருக்கும்போது முந்தைய சிக்னலின் வால்மேல் அடுத்தது ஏறி உட்கார்ந்துவிடும். அலைவடிவம் கையில் இருப்பதால் அப்படிப்பட்டவற்றைப் பார்த்துத் தூக்கிவிடலாம், டிஜிட்டல் முறையில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

பதில் 1:
இதையெல்லாம் செய்வதற்கு முன் துண்டின் தடிமன் என்ன என்று பாருங்கள். சோடியம்-22 பாசிட்ரானின் உச்ச ஆற்றல் 545 கேஇவி, இரும்பில் சராசரியாக 30 மைக்ரான் அளவுக்குத்தான் இறங்கும். 0.3 மில்லிமீட்டர் இருந்தாலே ஏறக்குறைய எல்லாமே உள்ளே நின்றுவிடும். அதற்கு மேல் இருக்கும் எஃகு பாசிட்ரானுக்குப் பயன்படாது, கோபால்ட் காமாவை மட்டும் கூட்டும். 1 மில்லிமீட்டர் துண்டை 0.3-க்குக் கொண்டுவந்தால் கோபால்ட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். மெலிதாக்குவதைக் கதிரியக்கப் பொருளுக்கான அறையில், உரிய ஆள் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கடைசியில் மின்வேதி முறையில் மெருகேற்றிவிடுங்கள், தேய்த்த மேற்பரப்பில் புதிதாக உண்டான குறைபாடுகளும் பாசிட்ரானைப் பிடிக்கும்.