புதுப்பிப்பு: லாரன்ஸ் டரெல்லின் கிரீட் நாவலை முடித்துவிட்டேன்

ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரெல்லின் 'தி டார்க் லேபிரிந்த்' நாவலில் கதை கப்பலை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது, தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "குகை வரும்வரை பொறுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பொறுத்தேன். வீண்போகவில்லை.

கதை தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். கிரேக்கத்தின் கிரீட் தீவில் குகைப் பாதைகளைப் பார்க்க உள்ளே போன கப்பல் பயணிகள் பாறைச் சரிவில் சிக்கிப் பிரிந்துபோகிறார்கள். அதன்பிறகு ஆளுக்கொரு முடிவு. ஆவிகளோடு பேசும் ஃபியர்மேக்ஸுக்கு இருட்டில் வாய்ப்பது ஒன்று. ட்ரூமன் தம்பதிக்கு வாய்ப்பது முற்றிலும் வேறு. எந்த விசேஷமும் இல்லாத அந்த நடுவயதுத் தம்பதி, வெளியேற வழியில்லாத ஒரு மலைச் சமவெளியில் போய்ச் சேருகிறார்கள். நாவலின் உச்சம் அந்தப் பகுதிதான். ஓவியர் கேம்பியனின் நீண்ட பேச்சுகளைத்தான் சகிக்க முடியவில்லை.

பயணிகளில் பெயர்டு என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது கிரீட்டில் அவர் கொன்ற ஜெர்மானியன் அவர் கனவில் வந்துகொண்டே இருக்கிறான். நாவல் வெளியானது 1947இல், 'செஃபலு' என்ற பெயரில். 1941இல் ஜெர்மன் படைகளுக்குத் தப்பி, கிரீட் வழியாகவே எகிப்துக்குப் போனவர் டரெல். அது தெரிந்தபின் பெயர்டின் பக்கங்களை மீண்டும் படித்தேன்.

குகை நிஜமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கிரீட்டில் கோர்ட்டின் (Gortyn) என்ற இடத்துக்கு அருகே 'லேபிரிந்த்' என்றே அழைக்கப்படும் பழைய கல்சுரங்கம் இருக்கிறது. போரில் ஜெர்மானியர்கள் அங்கே வெடிமருந்து வைத்திருந்தார்கள்.

அடுத்து டரெல்லின் அலெக்சாண்ட்ரியா நாவல்கள் நான்கும். முதலாவதான 'ஜஸ்டின்' கையில் இருக்கிறது.