நிச்சயமின்மையா, கூர்மையின்மையா?

ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

ஒரு துகளின் இடமும் உந்தமும் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) ஒருசேரக் கூராக அமையா என்பது இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் விதி. அதற்கு 'நிச்சயமின்மைக் கொள்கை' என்ற பெயரே போதும், அது ஊறிப்போன சொல் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தச் சொல் பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் மாற்றுச் சொல் கேட்கிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி மலையாளம். மலையாளத்தில் 'எனிக்கு நிச்சயமில்ல' என்றால் 'எனக்குத் தெரியாது' என்றே பொருள். அந்தக் காதோடு 'நிச்சயமின்மை'யைக் கேட்ட மாணவி ஒருத்தி விடைத்தாளில் எழுதியிருந்தாள்: "எலக்ட்ரான் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது எங்கே என்றுதான் நமக்குத் தெரியாது." அவளைக் குறை சொல்ல மாட்டேன். சொல் காட்டிய வழியில் போயிருக்கிறாள்.

ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான் நகர்ந்துவிடும், அதனால்தான் அளக்க முடியவில்லை என்று வகுப்பில் சொல்கிறோமே, அந்த விளக்கமும் இதற்குத் துணைபோகிறது. 1927 கட்டுரையில் ஹைசன்பர்க் காமாக் கதிர் நுண்ணோக்கியை வைத்து அப்படித்தான் தொடங்கினார். ஒளி எலக்ட்ரானுக்குத் தரும் உதைப்பு மட்டும் போதாது, நுண்ணோக்கி வில்லையின் திறப்புக் கோணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் திருத்தினார். அதே ஆண்டில் கென்னார்ட் என்ற இயற்பியலாளர் கணிதமாக நிறுவிய சமனின்மையில் நுண்ணோக்கியும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. இடத்தின் திட்ட விலக்கத்தையும் (சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவு) உந்தத்தின் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான சுருக்கிய பிளாங்க் மாறிலியில் பாதிக்குக் குறையாது. எலக்ட்ரானின் நிலையை விவரிக்கும் அலைச்சார்புக்கே உள்ள அகலம் இது. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் குறையாது.

அணு அளவுக்கு, அதாவது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு, எலக்ட்ரானின் இடம் சுருங்கினால் அதன் வேகம் குறைந்தது விநாடிக்கு 580 கிலோமீட்டர் அளவுக்காவது விரிந்தாக வேண்டும். இன்னும் நெருக்கினால் இன்னும் விரியும், இயக்க ஆற்றல் ஏறும். எலக்ட்ரான் அணுக்கருவுக்குள் சரிந்து விழாமல் அணு ஓர் அளவோடு நிற்பது இதனால்தான். நமக்குத் தெரியாமல் இருப்பது ஓர் அணுவைத் தாங்கி நிறுத்துமா?

வகுப்பில் நான் செண்டையை எடுத்துக்கொள்வேன். கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் அல்லவா, உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒற்றைத் தட்டு எந்த நொடியில் விழுந்தது என்று சொல்லலாம், அதற்குச் சுருதி சொல்ல முடியாது. நாகஸ்வரத்தில் நீட்டிப் பிடித்த ஸட்ஜத்துக்குச் சுருதி தெளிவு, 'எந்த நொடி' என்று கேட்டால் பதில் இல்லை. இதில் காதின் குறை எதுவும் இல்லை. அலைகளின் கணக்கே அப்படி.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஐயப்பாடு' வேண்டாம், ஐயம் படுகிறவர் ஒருவர் வேண்டும். 'அறுதியின்மை' எனக்குப் பிடித்த சொல். ஆனால் அறுதியிட்டுக் கூறுவது என்றுதான் நாம் பேசுகிறோம், அப்போது கூறுகிறவர் உள்ளே வந்துவிடுகிறார். 'கூர்மையின்மை' என்று வைக்கலாமா? ஜெர்மானியர்களும் இன்று 'உன்ஷார்ஃபெ' என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள், அதன் பொருளும் இதுதான். இடக் கூர்மையின்மை, உந்தக் கூர்மையின்மை, கூர்மையின்மை உறவு என்று ஒட்டிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை. தம்பி ஒருவர் 'மழுக்கம்' சுருக்கமாக இருக்கிறது என்றார். மழுங்கியது என்றால் முன்பு கூராக இருந்தது என்றாகிவிடும். எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு முன்பு கிடையாது.

'நிச்சயமின்மை'யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திருகு அளவியில் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர், கம்பியின் விட்டம் அதற்குள் எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரியாது. அங்கே தெரியாதது நமக்குத்தான். அளவீட்டு நிச்சயமின்மை என்று ஆய்வகத்தில் அதை வைத்துக்கொள்வோம். அளப்பதால் பொருளுக்கு நேரும் மாற்றம் மூன்றாவது சங்கதி, அதற்கு 'அளவீட்டுக் குலைவு' என்று தனிப்பெயர் கொடுத்தால் மூன்றும் குழம்பாது.

மூணாறு, பீர்மேடு பக்கம் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் குழுமத்தில் இருந்தால், முடிவெடுப்பதற்கு முன் இந்த மூன்று சொற்களையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.