ஜெட் படகின் எஞ்சின் இறுகிவிட்டது: கழற்றித்தான் ஆக வேண்டுமா?

கிறைஸ்ட்சர்ச்வாசி

நியூசிலாந்தில் இருக்கிறேன். போன மார்ச்சில் பழைய ஜெட் படகு ஒன்றை வாங்கினேன். ஐந்து மீட்டர் அலுமினியப் படகு, ஷெவ்ரோலெட் 350 வி8 எஞ்சின் (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்), ஹாமில்டன் 212 ஜெட் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பம்ப்). வைமகாரிரி ஆற்றில் இரண்டு முறை ஓட்டினேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரலில் பிளாக்கின் (எஞ்சின் உடலின்) வடிகால் திருகுகளைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, தார்ப்பாய் போட்டு, டிரெய்லரோடு வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன்.

இங்கே ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலம் முடிந்து நேற்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். புது பேட்டரி போட்டேன், அதே 'டக்'. ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாகச் சுற்றுகிறது. கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) போல்ட்டில் நீளக் கம்பியை மாட்டி அழுத்தினேன், அசையவில்லை. இன்னும் நீளமான குழாயைச் செருகி ஏறி நிற்கலாமா?

பழைய ஃபிட்டர்

தம்பி, குழாயைக் கீழே வையுங்கள். முதலில் எது இறுகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜெட் படகில் நியூட்ரல் கிடையாது. எஞ்சின் சுற்றினால் ஜெட்டின் இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) கூடவே சுற்றும். பின்னால் போவதற்குக்கூட கியர் இல்லை. வாளி போன்ற தடுப்பு இறங்கித் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே ஒரு கூழாங்கல் மாட்டியிருந்தாலும் உங்களுக்கு இதே 'டக்' சத்தம்தான் கேட்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சினுக்கும் ஜெட்டுக்கும் நடுவே இருக்கும் தண்டைக் கழற்றுங்கள். பிறகு ஜெட்டைத் தனியாகக் கையால் சுற்றிப் பாருங்கள். அது சுற்றாவிட்டால் எஞ்சின் மேல் குற்றமில்லை.

கிறைஸ்ட்சர்ச்வாசி

கழற்றினேன் ஐயா. தண்டின் நான்கு போல்ட்டுகளுக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஜெட் கையால் சுற்றுகிறது, லேசான உரசல் சத்தம் மட்டும். எஞ்சின்தான் அசையவில்லை.

தெற்குத்தீவுக்காரன்

அந்த உரசல் இருக்கட்டும், ஆற்று மணல் பட்ட ஜெட்டுக்கு அது வழக்கம். அடுத்து எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர முடியாது, ஏனென்றால் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அந்த நிலையில் பலம் காட்டினால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கை எடுத்ததும் எஞ்சின் சுற்றி, துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள்.

வாங்கிய பிறகு குழாய்த் தண்ணீர் இணைத்து ஓட்டிப் பார்த்தீர்களா? எஞ்சினை ஓடவிட்ட பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது குழாயை மூடிய பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் புகைபோக்கி வழியாக சிலிண்டருக்குப் போய்விடும்.

கிறைஸ்ட்சர்ச்வாசி

குழாய் விஷயத்தில் தவறு செய்யவில்லை, வாங்கியபோதே சொல்லிக்கொடுத்தார்கள்.

பிளக்குகளை எடுத்துவிட்டேன். இடப்பக்கம் 1, 3, 5, 7 எண் சிலிண்டர்கள். 1, 3 பிளக்குகள் இரண்டும் நல்ல காப்பிப்பொடி நிறம். வலப்பக்கம் நான்கும் அப்படியே. 5இன் முனையில் லேசான துரு. 7ஐக் கழற்றும்போது திருகு மரையோடு செங்கல்பொடி போலத் துரு உதிர்ந்தது, துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு வழிந்தது. எஞ்சின் இன்னும் அசையவில்லை. ஏன் பின்பக்கத்து சிலிண்டர் மட்டும்?

பழைய ஃபிட்டர்

டிரெய்லரின் மூக்கைத் தூக்கி நிறுத்தியிருப்பீர்கள், மழைநீர் வடியட்டும் என்று. படகுக்கு அது நல்லது. ஆனால் இடப்பக்கத்தில் கடைசி சிலிண்டர் 7. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? புகை மேனிஃபோல்டைச் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) சுற்றி ஓடும் குளிர்நீர், துருப்பிடித்த ஒரு ஊசித்துளை வழியாக உள்ளே கசிந்திருக்கும். அப்போது 7இன் புகை வால்வு திறந்து நின்றிருந்தால் கதை முடிந்தது.

இப்போது எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். எண்ணெயை விடத் தண்ணீர் கனம். உள்ளே இருந்தால் அதுதான் முதலில் வரும். பிறகு 7, 5 துளைகளில் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெயும் அசிட்டோனும் சமமாகக் கலந்து ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. அதன்பின் ஒரு முழம் கம்பியால் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். இடப்பக்கம் ஆட்டும்போது கிராங்க் போல்ட்டே கழன்று வரலாம், கவனம். நூல் அளவு அசைந்தாலும் போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும்.

கிறைஸ்ட்சர்ச்வாசி

ஆறாம் நாள். அடித்திருகைத் தளர்த்தியதும் அரை டம்ளர் தெளிந்த தண்ணீர், அதன்பின் பால் விட்ட காப்பி நிறத்தில் எண்ணெய். கம்பியால் ஆட்டினேன், அசையவே இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் தண்ணீரை வடித்தேன் என்று எழுதினேன் அல்லவா? வலப்பக்கத் திருகைத் திறந்தபோது ஒரு வாளி வந்தது. இடப்பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. சரி, காலியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன். இன்று அந்தத் துளையில் கம்பியை விட்டுக் குத்தினேன். சாம்பல் நிறக் களிமண் பிதுங்கி வந்தது, அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது. ஐந்து மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

தெற்குத்தீவுக்காரன்

கணுக்கால் ஆழத் தண்ணீரிலும் படகு ஓட வேண்டும் என்றுதான் நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன் 1950களில் நம் கேன்டர்பரி வட்டார ஆறுகளை மனதில் வைத்து இந்த ஜெட்டை உருவாக்கினார். அந்த ஆழத்தில் ஓடினால் மணலையும் சேர்த்துத்தான் குடிக்கும். குளிர்நீர் ஜெட்டிலிருந்தே பிளாக்குக்குப் போகிறது. பனிமலை அரைத்துத் தள்ளிய மாவு போன்ற வண்டலும் கூடவே போகிறது.

எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். குளிரில் உறைந்த தண்ணீர் பிளாக்கை விரிசலாக்கியிருக்கலாம், படகுக்குள் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வயர்களுக்குத் துணி நாடாவில் எண் எழுதி ஒட்டிப் படம் எடுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அடைத்துவிட்டு, அடித்தளத்தில் ஆவி தேங்காமல் காற்றோட்டம் விடுங்கள். புகை மேனிஃபோல்டுகளை முதலிலேயே கழற்றினால் கனம் குறையும், இல்லாவிட்டால் முந்நூறு கிலோவை நெருங்கும். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். எந்தத் தாங்கிக்கு எத்தனை என்று தனித்தனிப் பையில் போடுங்கள். அவைதான் எஞ்சினும் ஜெட்டும் நேர்கோட்டில் நிற்பதற்குக் காரணம். அவற்றைக் கலந்துவிட்டு ஒரு முழு வாரத்தைத் தொலைத்தவன் நான்.

கார் பட்டறையின் சக்கரக் கிரேன் உதவாது, அதன் கால்கள் டிரெய்லர் சக்கரத்தில் முட்டும். உறுதியான விட்டத்தில் செயின் பிளாக் (கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டுங்கள். கொக்கியை சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) முனைத் துளைகளில் போடுங்கள், கார்புரேட்டர் போல்ட்டில் வேண்டாம். எஞ்சினை விளிம்புக்கு மேலே தூக்கி அப்படியே தொங்கவிட்டு, டிரெய்லரை முன்னால் உருட்டிப் படகை வெளியே எடுத்துவிடுங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது.

கிறைஸ்ட்சர்ச்வாசி

நண்பரின் கொட்டகையில் சனிக்கிழமை இறக்கினோம். நீங்கள் சொன்னபடி படகுதான் நகர்ந்தது, எஞ்சின் அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி முழுவதையும் பார்த்தார், ஒரு கை கொடுக்கவில்லை.

இடப்பக்க ஹெட்டைக் கழற்றியாயிற்று. 7இன் பிஸ்டனைச் சுற்றி ஆரஞ்சு நிற வளையம். மரக்கட்டை வைத்துச் சுத்தியால் தட்ட, நான்காவது தட்டில் கிராங்க் நகர்ந்தது. சிலிண்டர் சுவரைத் துடைத்து நகத்தால் தடவினால் இரண்டு இடத்தில் நகம் சிக்குகிறது. சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி 0.030 அங்குலம் கூடுதல் அளவு பிஸ்டன் போடலாம் என்கிறார் இங்குள்ள பட்டறைக்காரர். நாளைக்கே கொடுத்துவிடவா?

பழைய ஃபிட்டர்

நாளைக்கு வேண்டாம். முதலில் பிளாக்கையும் இரண்டு ஹெட்டுகளையும் அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள். விரிசல் இருந்தால் துளை பெரிதாக்கும் கூலி வீண். மேனிஃபோல்டையும் அங்கேயே சோதிக்கச் சொல்லுங்கள், அந்த ஊசித்துளை இருந்தால் புது பிஸ்டனும் அடுத்த குளிர்காலத்தில் துருப்பிடிக்கும்.

ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மாற்ற நேர்ந்தால் விலை குறைவு என்று கார் கடையில் வாங்காதீர்கள். படகுக்கானவை தீப்பொறி வெளியே வராதபடி மூடியவை. உங்கள் எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கும். சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.